மரியாதை யார் கொடுப்பது?

(ஆம்பூர் வட்டாரத் தோல் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

மரியாதை கொடுத்து மரியாதை வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டேதான் வந்தார்கள். துண்டை இடுப்பில் கட்டினார்கள், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டார்கள், "சாமி" என்றார்கள். திரும்ப வாங்கியது என்ன? "டேய்" என்ற ஒரு சொல்!

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல், நம் பெண்கள் தைத்த பூட்ஸ், கடல் கடந்து போய் ஐரோப்பியன் காலில் ஏறுகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிக் கை கால் வெந்தவன் பஸ்ஸில் ஏறினால் நாற்றம் என்று தள்ளி உட்காருகிறார்கள். தோல் விற்ற பணத்துக்கு மட்டும் நாற்றமே கிடையாது!

உயிரோடு இருப்பவனுக்கு மரியாதை இல்லை, செத்தவனுக்காவது உண்டா? வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரம். 2019 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு பிணத்தைத் தூக்கி வந்தார்கள். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போக நிலக்காரர்கள் வழி விடவில்லை. என்ன செய்தார்கள்? பாலத்தின் மேலிருந்து, சுமார் 20 அடி உயரத்திலிருந்து, பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். கிணற்றில் வாளி இறக்குவதுபோல ஒரு மனிதனை இறக்கினார்கள், தோழர்களே! தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. அது சொல்லி 69 வருஷம் கழித்து நடந்தது இது.

சென்னை ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. சர்க்கார் தரப்பில், அவர்களுக்கென்று தனியாக அரை ஏக்கர் சுடுகாட்டுக்கு ஒதுக்கிவிட்டோம் என்றார்கள். எவ்வளவு சுலபம் பாருங்கள்! அடைத்த வழியைத் திறப்பதற்குப் பதில் வேறு மூலையைக் காட்டுவது. தனிச் சுடுகாடு கொடுத்தால் சர்க்காரே இந்த வழக்கத்தை வளர்ப்பதாகாதா என்று நீதிபதிகளே கேட்டார்கள். சரியான கேள்வி. ஆனால் கோர்ட் கேட்கும்வரை ஊரில் மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை?

கீழத் தஞ்சையில் 1940-களில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும்தான் தண்டனை. தோழர் பி. சீனிவாசராவ் அங்கே போனார். கன்னடம் பேசும் குடும்பத்தில், பிராமண ஜாதியில் பிறந்தவர். சேரிக் குடிசையில் தங்கினார், அங்கேயே சாப்பிட்டார். மரியாதையைப் பற்றி அவர் பிரசங்கம் செய்யவில்லை. சங்கம் கட்டினார். மிராசுதார்களை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தது அந்தச் சங்கம். கூலி நெல்லும் அதே போராட்டத்தில்தான் உயர்ந்தது. மரக்கால் வேறு, மானம் வேறு என்று அந்த ஜனங்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

சரி, மிராசுதாரை விடுங்கள். நம்மைப் பற்றி நாமே கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று பக்கத்தில் வேலை செய்த நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் கேட்டிருப்போம்? "இந்திக்காரன்" என்று அவனைக் கூப்பிடும் வாய்க்கும், நம்மை "டேய்" என்னும் முதலாளி வாய்க்கும் என்ன வித்தியாசம்?

ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சூப்பர்வைசர் அவளை "வாடி, போடி" என்றால் நமக்குக் கோபம் வருகிறது. வர வேண்டியதுதான். வீட்டுக்குப் போய் நாமும் அதையே சொல்கிறோமே! சங்கக் கூட்டத்தில் பாய் விரிக்கவும் டீ கொடுக்கவும் அவள். மேடையில் பேச நாமா?

ஆகவே இரண்டு வேலைகள் சொல்கிறேன். கமிட்டித் தேர்தலில் தையல் பகுதிப் பெண்களை நிறுத்துங்கள். வங்காளத் தோழர்களையும் சங்கத்தில் சேருங்கள். அடுத்து, உங்கள் ஊரில் சுடுகாட்டுப் பாதை யார் நிலத்தின் வழியாகப் போகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று சர்வே நம்பரோடு எழுதிக்கொண்டு வாருங்கள். தாலுகா ஆபீசுக்கு எல்லா ஜாதித் தொழிலாளியும் சேர்ந்தே போவோம்.