நகருக்கு வெளியே ஒரு வீடு



வீடு வாங்கப் போகிறோம் என்று ஒருவர் சொன்னால், நாம் முதலில் கேட்பது "விலை என்ன?" என்பதுதான். அடுத்தது, "மாதத் தவணை எவ்வளவு?" இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், கணக்கு முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். வேலைக்குப் போகும் வழி எவ்வளவு தூரம் என்பதை வீட்டுக்கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. வங்கியும் சேர்ப்பதில்லை. இன்று நாம் பேச விரும்புவது இந்த விடுபட்ட கணக்கைப் பற்றித்தான்.

செமினியை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல், காஜாங்கைத் தாண்டி இருக்கும் ஊர் அது. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுவதும் ரப்பர்த் தோட்டங்கள். நம்மவர்கள் லயத்திலே பிறந்து, விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் வெட்ட நடந்தே போன இடம். அன்று வேலைக்குப் போகச் செலவு என்று எதுவும் கிடையாது. (அந்த வாழ்க்கையை உயர்த்திப் பேச நாம் வரவில்லை, லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நமக்கு, வேலை போனால் வீடும் போயிற்று.) பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தாமான்களாயின. மரங்கள் நின்ற இடத்தில் இன்று இரண்டு மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வேலை மட்டும் தலைநகரிலேயே இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் 2024-ஆம் ஆண்டில் அங்கே வீடு வாங்கியது. அதுவரை செராஸில் வாடகைக்கு இருந்தவர்கள். கணவருக்கு நகரின் நடுவில் அலுவலக வேலை. மனைவி செராஸில் ஒரு கிளினிக்கில் பணிபுரிகிறார். அதே அளவு வீட்டை நகருக்குப் பக்கத்தில் வாங்கினால் மாதம் 700 வெள்ளி கூடுதலாகத் தவணை கட்ட வேண்டும் என்று விசாரித்து அறிந்து, "மாதம் 700 வெள்ளி மிச்சம்" என்ற மகிழ்ச்சியோடுதான் கையெழுத்திட்டார்கள். அந்த 700 வெள்ளி எங்கே போயிற்று என்று ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து கணக்கிட்டோம்.

கணவர் போக 35, வர 35, ஆக நாளொன்றுக்கு 70 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாள் என்றால் 1,540 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் வீதம் ஏறக்குறைய 123 லிட்டர் பெட்ரோல். அந்த ஆண்டில் ரோன் 95 லிட்டர் 2 வெள்ளி 5 காசு. ஆகவே 252 வெள்ளி. செராஸ்-காஜாங் நெடுஞ்சாலையில் ஒன்பதாம் கட்டையிலும் பதினொன்றாம் கட்டையிலும் டோல் சாவடிகள் உண்டல்லவா? நாளொன்றுக்குச் சராசரி நான்கு வெள்ளி என்று வைத்தால் 88 வெள்ளி. அலுவலகத்தருகே கார் நிறுத்த மாதக் கட்டணம் 180. இதுவே 520 வெள்ளி ஆகிவிட்டது.

செராஸில் இருந்தபோது மனைவியைப் போகிற வழியில் இறக்கிவிட்டுக் கணவர் போய்விடுவார். இப்போது இருவரின் வேலை நேரமும் ஒத்துவரவில்லை. ஆகவே பழைய கார் ஒன்றை வாங்கினார்கள். அதன் தவணை 450, பெட்ரோல் 100. முன் சொன்ன 520-உடன் கூட்டினால் 1,070 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய தொகை என்பது விளங்கும்.

டயர், எண்ணெய் மாற்றுவது, சாலை வரி, காப்புறுதி இவற்றையெல்லாம் நாம் இன்னும் தொடவே இல்லை. ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காருக்கு அவையும் சும்மா வருவதில்லை. காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்படுகிறவருக்கு வீட்டில் பசியாற நேரமில்லை. வழியில் நாசி லெமாக்கும் தே தாரிக்கும். இரவில் சமைக்கத் தெம்பில்லாத நாட்களில் ஒட்டுக்கடைச் சாப்பாடு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், மாலை ஆறு மணிக்கு மேல் போனால் தாமதக் கட்டணம். அது மட்டும் மாதம் நூறு வெள்ளியை எட்டியது என்று அந்தத் தாய் சொன்னபோது, பணத்தைவிட வேறொன்றுதான் அவர் முகத்தில் தெரிந்தது. கதவோரம் கடைசிப் பிள்ளையாக மகன் பையோடு நிற்பதை அவர் வாரம் நான்கு நாள் பார்த்திருக்கிறார்.

2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைக்கத் தொடங்கியதே, அது உதவவில்லையா என்று கேட்டோம். கணவர் சிரித்தார். 123 லிட்டருக்கு ஆறு காசு வீதம் ஏழு வெள்ளி சொச்சம். கிடைத்தவரை நன்மைதான், ஆனால் தூரத்தை அது குறைத்துவிடாது.

நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் சாலையில் என்றால், மாதம் 66 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாட்களாகப் பார்த்தால் எட்டு நாளுக்கும் அதிகம். சம்பளமில்லாத எட்டு நாள் வேலை!

அப்படியானால் அந்த வீட்டை வாங்கியது தவறா? நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். வீடு அவர்களுடையது. பின்பக்கம் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார்கள். பாட்டிக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. பசார் மாலாமில் காய்கறி நகரைவிட மலிவு என்கிறார்கள். குறை வீட்டில் இல்லை. விடுபட்ட கணக்கை முன்கூட்டியே போட்டிருந்தால், இரண்டாவது காரை அவசரப்பட்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

அன்று உட்கார்ந்து பேசியதில் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. காஜாங் வரை எம்.ஆர்.டி. 2017-லேயே வந்துவிட்டது. மாதம் 50 வெள்ளிப் பயண அட்டை ஒன்று உண்டு, எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்துகள் ஆகியவற்றில் செல்லும். கே.டி.எம். கொம்யூட்டரில் அது செல்லாது என்பதைக் கவனிக்க வேண்டும். கணவர் காஜாங் நிலையம்வரை காரில் போய், அங்கிருந்து ரயில் ஏறுகிறார். அட்டைக்கு 50, பெட்ரோலுக்கு 70 சொச்சம், நிலையத்தில் கார் நிறுத்த ஏறக்குறைய நூறு; 520 வெள்ளி 220 ஆகிவிட்டது. நேரம் பெரிதாகக் குறையவில்லை. நின்றுகொண்டே போகும் நாட்களும் உண்டு. ஏழு மணிக்குப் பிறகு வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம் என்கிறார்.

மனைவி செய்த முடிவு கடினமானது. செமினியிலேயே ஒரு கிளினிக்கில் சேர்ந்தார். சம்பளத்தில் 300 வெள்ளி குறைவு. பத்தாண்டுப் பணி அனுபவம் உள்ளவர் சம்பளம் குறைந்து போவதா என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், சேம நிதியும் அதற்கேற்பக் குறையும். ஆனால் இரண்டாவது காரை விற்றுக் கடனை அடைத்ததால் 550 வெள்ளி நின்றது, தாமதக் கட்டணமும் நின்றது.

வீடு பார்த்துக்கொண்டிருக்கும் நேயர்கள் ஒன்று செய்யலாம். விற்பனையாளர் உங்களை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் அழைத்துப் போவார். அப்போது சாலை காலியாக இருக்கும். கையெழுத்திடுவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து உங்கள் வேலை இடம்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மனைவி வேலை செய்பவரானால் அவரையும் அழைத்துப் போங்கள். மாலையில் அதே வழியில் திரும்பி வந்து, பிள்ளையை எத்தனை மணிக்குக் கூட்டிவர முடியும் என்று பாருங்கள். வீட்டுக் கடன் 35 ஆண்டுவரை நீளலாம்; அதற்கு ஒரு நாள் விடுப்பு எடுப்பது பெரிய செலவல்ல.