270-இல் ஒன்று



1999 ஏப்ரல் 17, சனிக்கிழமை. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பூட்டுப் பட்டறை. அரம் போடும் சத்தம் நின்றிருந்தது. ஐந்தாறு பேர் ரேடியோவைச் சுற்றி நின்றோம். பட்டறைக்காரர் கையில் பாதி ராவிய சாவி. பிரதமர் வாஜ்பாயின் நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஆட்சி கவிழ்ந்துவிட்டது.

"ஒரே ஒரு ஓட்டா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

அந்த 270-இல் நம்ம ஊர் ஓட்டும் ஒன்று. 1998-இல் பாரதிய ஜனதாவோடு கூட்டணி வைத்து அதிமுக 18 இடங்களைப் பிடித்தது. திண்டுக்கல்லில் ஜெயித்தவர் சி. சீனிவாசன். ஜெயலலிதா ஆதரவை வாபஸ் வாங்கியதும் பதினெட்டும் எதிர்ப்பக்கம் போயின. வாஜ்பாயைப் பிரதமராக்கக் கேட்டு வாங்கிய ஓட்டு, பதின்மூன்றே மாதத்தில் அவரை இறக்கியது. ஓட்டுப் போட்ட நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

உறுப்பினரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே பறிபோகலாம். ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறோம். அவையில் அந்த ஓட்டைப் போடுவது கட்சி.

1999-இலேயே மறுபடி தேர்தல். இந்த முறை அதிமுக காங்கிரசோடு, திமுக பாரதிய ஜனதாவோடு. திண்டுக்கல் மறுபடியும் சீனிவாசனையே அனுப்பியது.

2024-க்கு வாருங்கள். பெரும்பான்மைக்கு 272 வேண்டும்; பாரதிய ஜனதாவுக்குத் தனியாகக் கிடைத்தது 240. தெலுங்கு தேசத்தின் 16, ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உட்படக் கூட்டணிக் கட்சிகளின் இடங்கள் சேர்ந்துதான் ஆட்சியைத் தாங்கின. திண்டுக்கல்லில் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம் 4,43,000-க்கும் கூடுதலான வித்தியாசத்தில் வென்றார். மும்பை வடமேற்கில் ஒருவர் 48 ஓட்டில் வென்றார். மக்களவையில் இருவருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறோம், ரோடு கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூட்டணி மாறினால் எங்களிடம் வந்து சொல்வீர்களா என்று ஒருவர்தான் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். 1999 தேர்தலில் அந்தப் பட்டறைக்காரர் கேட்டார். வந்திருந்த கட்சிக்காரர் நோட்டீஸை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.