வாவிக்கரையிற் கூடைப்பந்து

விளையாட்டிலே வெற்றியைப் பற்றிப் பேசுவோர் பலர். தோல்வியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆயினும், கணக்கிட்டுப் பார்த்தால் விளையாட்டு வீரனுக்கு அடிக்கடி வாய்ப்பது தோல்வியே. எட்டுக் கல்லூரிகள் கூடி, விலகல் முறையிலே ஒரு கூடைப்பந்துச் சுற்றுப்போட்டி நடத்துகின்றன என்று கொள்வோம். மொத்தம் 7 ஆட்டங்கள் நடைபெறும். ஒவ்வோர் ஆட்டமும் ஒரு குழுவை வீட்டுக்கு அனுப்பிவைக்கும். ஈற்றில் ஒரு குழுவின் கையிலே கிண்ணம் இருக்கும். ஏனைய ஏழும் தோற்றே திரும்பும். ஆகவே, சுற்றுப்போட்டி என்பது பெரும்பாலார்க்குத் தோல்வியைத் தாங்கப் பழக்கும் பள்ளிக்கூடமே ஆகும்.

இந்தப் பாடம் மட்டக்களப்பு நாட்டுக்குப் புதியதன்று. வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கண்ணகி வழிபாட்டோடு இணைந்து கொம்புமுறி என்னும் விளையாட்டு நெடுங்காலம் வழங்கிவந்தது. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கோவலனுக்கு உரியது; மறுபக்கம் கண்ணகிக்கு உரியது. வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்று முறியும்வரை இரு சாராரும் இழுப்பர். வென்றவர் ஆர்ப்பரிப்பர், தோற்றவரை எள்ளிப் பாடுவர். ஆயினும் விளையாட்டு முடிந்ததும் இரு சேரியாரும் ஓரூராரே. மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் நிகழும் அவ்விழாவின் பயன் இரு சாரார்க்கும் பொது அன்றோ!

கூடைப்பந்தோ கடல் கடந்து வந்த விளையாட்டு. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை வகுத்தார். பீச்சுப்பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, பக்கத்துக்கு 9 பேராக மாணவரை ஆடவிட்டார். விதிகள் 13. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்பது அவற்றுள் முக்கியமானது. ஓடலாகாது எனின், தோழனுக்கு எறிந்தே ஆகவேண்டும். பிறரை நம்பாதவன் இவ்வாட்டத்தை ஆட இயலாது என்னும் நிலையை அந்த ஒரு விதியே உண்டாக்கியது. இன்று பக்கத்துக்கு 5 பேர் ஆடுகின்றனர். எனினும் அந்த நிலை மாறவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகள் இவ்வாட்டத்தை விரைவிலே தமதாக்கிக் கொண்டன. அண்டை மாநிலங்களின் கல்லூரிகள் பல ஒன்றுகூடி ஒரு கூட்டிணைவாக அமைந்து, தமக்குள் ஆடிக்கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. லூசியானா முதலிய தென்மாநிலங்களின் கல்லூரிகள் சேர்ந்த தென்கிழக்குக் கூட்டிணைவு, 1933ஆம் ஆண்டு அத்திலாந்தா நகரிலே தன் முதற் சுற்றுப்போட்டியை நடத்தியது. கென்ரக்கிப் பல்கலைக்கழகம் கிண்ணத்தை வென்றது. 1952ஆம் ஆண்டுக்குப் பின் நின்றுபோன அப்போட்டி, 1979இல் மீண்டும் தொடங்கி இன்றும் நடைபெறுகின்றது. அயலவன் நம்மை நன்கறிந்தவன்; ஆதலின் அவனோடு ஆடுவதே கடினம். அவனிடம் தோற்றாலும் அடுத்த ஆண்டு அவனையே மீண்டும் எதிர்கொள்ளவேண்டும். ஆதலின் பகை பாராட்டுவதும் பயனற்றது. கூட்டிணைவுப் போட்டியின் உட்பொருள் இதுவே எனலாம்.

அந்த லூசியானா மாநிலத்துக்கும் மட்டக்களப்புக்கும் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின், நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள் கிழக்கிலங்கைக்குப் பணியாற்ற வந்தனர். புளியந்தீவிலே, 1873ஆம் ஆண்டு தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி அவர்தம் பணிக்களங்களுள் ஒன்று. ஹரல்ட் வெபர் அடிகளார் அங்கு மாணவரை விளையாட்டுத் துறையிலே பயிற்றினார். மட்டக்களப்பு நகரின் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. லூசியானாவின் ஜெனிங்ஸ் என்னும் ஊரிலே 1923இல் பிறந்த யூஜின் ஹெபியர் அடிகளார், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கூடைப்பந்துப் பயிற்றுநராகப் பெயர் பெற்றார். பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள் ஆடுதற்கென வகுத்த ஆட்டம், வாவிக் காற்று வீசும் திறந்த வெளியிலே வேரூன்றியது. அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளிலே மிக்கேல் கல்லூரிக் குழு மதிப்புடன் பேசப்படும் குழுவாயிற்று.

பின்னர், அயலவர் அயலவரை அஞ்சிய காலம் வந்தது. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபோது, வாவியைச் சூழ்ந்த தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் பெருந்துயர் எய்தின. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், 66 வயதினரான ஹெபியர் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கி மோட்டார்ச் சைக்கிளிற் புறப்பட்டார். இளைஞன் ஒருவனும் உடன் சென்றான். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்தம் முடிவு வெளிப்படவில்லை.

ஆட்டக்களத்திலே தோற்றவனுக்கு மறு ஆண்டு உண்டு. மத்தியஸ்தரின் ஊதல் ஒலித்ததும் பகை ஓய்ந்துவிடும். போரின் இழப்புக்கோ மறு ஆண்டு இல்லை. அதனை முடித்துவைக்கும் ஊதலும் எவர் கையிலும் இல்லை. ஆகையினாலேயே, முடிவுள்ள போட்டியை இளமையிற் பழகுதல் வேண்டும். எதிரணியான் நாளையும் அயலவனே என்பதைக் கொம்புமுறி ஆடிய முன்னோர் அறிந்திருந்தனர். கூடைப்பந்து ஆடும் மாணவரும் அதனைக் கற்கின்றனர். ஆட்டம் முடிந்து, வியர்வை ஆறுமுன் இரு குழுவினரும் வரிசையாக நின்று கைகுலுக்கும் அந்தச் சில கணங்கள், கிண்ணத்தினும் பெறுமதி வாய்ந்தவை.