சுருட்டைக் கூந்தலும் சவுரியும்

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவர்களில், ஊருக்குப் போகும்போதோ திரும்பும்போதோ ஒரு முறையேனும் திருமலைக்குச் செல்லாதவர் சிலரே இருப்பர். வடவேங்கடம் என்று பழந்தமிழர் தம் நிலத்துக்கு வடவெல்லையாகக் கொண்ட மலை அது. அங்கே கல்யாணகட்டாவில் முடியிறக்கி, சந்தனம் பூசிய தலையோடு வெளிவரும் குடும்பங்களை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். அவ்வாறு இறக்கப்படும் கூந்தலை உலகச் சந்தை விரும்பி வாங்குகிறதே, அது ஏன்? இக்கேள்விக்குரிய விடையிலேயே, பரட்டையாகச் சிலிர்த்து நிற்கும் சுருட்டைக் கூந்தலைப் படியச் செய்யும் வழியும் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு சிறு சோதனை. சீப்பில் உதிர்ந்த நீண்ட முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அதை நீளவாட்டில் வைத்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்வதைக் காண்பீர்கள். அது நகரும் பக்கமே வேர்ப்பக்கம். காரணம் இதுதான்: முடியின் மேற்புறம் வழவழப்பானதன்று. கூரையில் ஓடு வேய்ந்ததைப் போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்கு வருடினால் விரல் வழுக்கிச் செல்லும். நுனியிலிருந்து வேருக்கு வருடினால் தடைப்படும். செதில்கள் படிந்திருந்தால் கூந்தல் பளபளக்கும். அவை நிமிர்ந்தாலோ உடைந்தாலோ முடியோடு முடி பிணங்கிச் சிக்காகும், பிசிறு கிளம்பும்.

பிசிறுக்கு மற்றொரு காரணம் காற்றிலுள்ள ஈரம். முடியின் உட்பகுதி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளை இணைக்கும் பிணைப்புகளில் சில நீர் பட்டதும் அவிழ்ந்து, உலரும்போது மீண்டும் புதிதாகப் பூட்டிக்கொள்கின்றன. ஈரத்தை உறிஞ்சிய முடி பருத்து, சற்றே நீளவும் செய்யும். இவ்வியல்பைக் கொண்டே 1783-இல் சொஸ்யூர் என்னும் ஜினீவா நகரத்து விஞ்ஞானி, மனிதமுடியால் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி எழுதினார். ஆகவே ஆடி மாதத்து மும்பையில் ஒருவருடைய கூந்தல் பொங்கி நிற்பதும், சித்திரை மாதத்துத் தில்லியில் அதே கூந்தல் வறண்டு பறப்பதும் வியப்பன்று.

சுருட்டை முடிக்கு இத்தொல்லை மிகுதி. வேர்க்குழி வளைந்திருப்பதால் முடி வளைந்து வளர்கிறது. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை, நேரான முடியில் எளிதாக இறங்குவது போல, வளைவுகளைக் கடந்து நுனிவரை இறங்குவதில்லை. நுனி வறள்கிறது, வறண்ட நுனி ஈரத்தைத் தாறுமாறாக உறிஞ்சுகிறது. சுருட்டை முடி ஒரு நோயன்று. எண்ணெய்க்கு ஏங்கும் முடி, அவ்வளவே.

இனித் திருமலைக்குத் திரும்புவோம். இறைவன் தலையில் பட்ட காயத்தை மறைக்க நீலாதேவி தன் கூந்தலை அறுத்தளித்தாள் என்பது அத்தலத்துக் கதை. கல்யாணகட்டாவில் நீண்ட கூந்தலை முடிச்சிட்டுக்கொண்டு மழிக்கிறார்கள். ஆகவே வேரெல்லாம் ஒரு பக்கமும் நுனியெல்லாம் ஒரு பக்கமுமாக அது ஒரே கொத்தாக வந்து விழுகிறது. தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலமிடுகிறது. செதில்கள் ஒரே திசையில் அமைந்த இவ்வகை முடியை வணிகர்கள் ‘ரெமி’ என்பர். அதன் உயர்மதிப்பின் இரகசியம் இதுவே.

இதற்கு மாறானது சீப்பில் உதிரும் முடி. தெருவில் வரும் வியாபாரி ஊசிக்கும் பாத்திரத்துக்கும் மாற்றாக வாங்கிச் செல்லும் சிக்குமுடி, கர்நாடகத்துக் கொப்பள் மாவட்டத்துப் பாக்யநகர் போன்ற ஊர்களில் ஏழைப் பெண்களின் பொறுமையால் சிக்கெடுக்கப்படுகிறது. அதில் வேரும் நுனியும் கலந்திருப்பதால் செதில்கள் எதிரெதிராக உரசிச் சிக்காகும். ஆதலால் அமிலத்தில் தோய்த்துச் செதில்களை நீக்கி, சிலிக்கோன் பூச்சால் மினுக்கி விற்பதுண்டு. கடையில் பட்டுப்போல் இருக்கும் அச்சவுரி, சில முறை அலசியதும் பூச்சுக் கரைந்து தேங்காய் நாராகிவிடும். வாங்குமுன் நாம் செய்த விரற்சோதனையைச் செய்து பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் சற்றே தடுத்தால் நல்ல முடி. இரு திசையிலும் கண்ணாடி போல வழுக்கினால் ஐயுறுங்கள்.

வாங்கிய சவுரியைப் பேணவும் வேண்டும். அதற்குத் தலைத்தோலின் எண்ணெய் கிடைக்காது. நாம்தான் உள்ளங்கையில் இரண்டு துளி தேய்த்து நுனியில் தடவவேண்டும். கசக்காமல், வேர் மேலாகத் தொங்கவிட்டு நீர் ஊற்றி அலசி, நிழலில் உலர்த்துவது நன்று. பசையிட்டு ஒட்டிய இணைப்புமுடியாயின் ஒட்டிய இடத்தில் எண்ணெய் படலாகாது, பசை நெகிழும். இறுகக் கட்டினால் நெற்றியோரத்து முடி வேரோடு போய்விடும். நைலான் சவுரிக்குச் சூட்டுக்கருவி ஆகவே ஆகாது.

சொந்தக் கூந்தலுக்கும் விதி ஒன்றே: செதில்களைக் கலைக்காதே. குளிக்குமுன் தேங்காயெண்ணெய் தடவுவது வெறும் பழக்கமன்று. அவ்வெண்ணெய் முடியின் உள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அத்திறன் இல்லை என்றும் 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. காரமிகுந்த சவர்க்காரம் செதில்களை நிமிர்த்தும், சீயக்காய் மென்மையானது. ஆழ்துளைக் கிணற்றுக் கடுநீரில் குளிப்போர், கடைசிச் செம்பு நீரில் சில துளி எலுமிச்சைச்சாறு கலந்து ஊற்றினால் படிந்த உப்பு நீங்கும். பின்னர் முரட்டுத் துவாலையால் தேய்க்காமல், ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால், நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலேறிச் சிக்கெடுங்கள். எங்கே தொடங்கினாலும் சீப்பின் இழுப்பு கீழ்நோக்கியே இருக்கட்டும். உலர்ந்தபின் சுருட்டை முடியைச் சீவுவதே பரட்டைக்கு முதற்காரணம். இரவில் தளரப் பின்னிக்கொண்டு உறங்குங்கள்.

மும்பையில் வாழும் என் தங்கை மகளுக்கு நல்ல சுருட்டை முடி. பள்ளியில் தோழியர் கேலி செய்ததால், பதினாறு வயதில் அழகுநிலையம் ஒன்றிற்குச் சென்று முடியை நேராக்கிக்கொண்டாள். ஆறு மாதத்தில் வேரில் சுருட்டையும் நுனியில் நேருமாக வளர்ந்து, இரண்டும் சேருமிடத்தில் முடி ஒடியத் தொடங்கியது. “மாமா, என் தலையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை” என்று அவள் அழுதது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அடுத்த ஆண்டு குடும்ப வேண்டுதலை நிறைவேற்றத் திருமலைக்குச் சென்றபோது, தானாகவே முன்வந்து முடியிறக்கிக்கொண்டாள். “இனி நேராக முளைக்குமா?” என்று கேட்டாள். முளைக்கவில்லை, மீண்டும் சுருட்டையே முளைத்தது. மழிப்பதால் வேர்க்குழியின் வடிவம் மாறுவதில்லை. ஆனால் இம்முறை, நான் இப்போது உங்களுக்குச் சொன்ன முறைகளை அவள் கைக்கொண்டாள். இன்று அவள் சுருள்கள் படிந்திருக்கின்றன. அவளும் அவற்றை மறைப்பதில்லை.

நேராக்கும் மருந்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றுள் சில, சூடுபடும்போது பார்மால்டிஹைடு என்னும் ஆவியை வெளியிடுவன. அது கண்ணையும் மூச்சுக்குழலையும் உறுத்துவது. புற்றுநோய் விளைவிப்பது என உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் வகைப்படுத்தியது. பூசிக்கொள்ளும் பெண்ணைவிட, நாள்தோறும் பூசிவிடும் தொழிலாளிப் பெண்ணுக்கே தீங்கு அதிகம்.

திருமலையில் ஒரு தாய் தன் கூந்தலைத் தருகிறாள். கடல்கடந்து அது இன்னொருத்தியின் தலையில், சில வேளை நோயால் முடியிழந்தவளின் தலையில், ஏறுகிறது. தந்தவளையும் பெற்றவளையும் இணைக்கும் அந்த முடியை மதித்துப் பேணுவோம். நம் வீட்டுச் சுருட்டைத்தலைச் சிறுமியிடமும், “உன் முடிக்கு ஒரு குறையுமில்லை, அம்மா, அதற்குச் சற்று எண்ணெயும் பொறுமையும் வேண்டும்” என்று சொல்லுவோம். அச்சொல்லே முதல் மருந்து.