காந்தம் ஒட்டாத இடம்



பெண்ணாடத்தில் அப்பா விதைக்கரும்பு ஏற்றிய பழைய செவர்லே பிக்கப்பை அண்ணன் தம்பி நாங்கள் வீட்டுக் கொட்டகையில் செப்பனிட்டு வருகிறோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் தொடங்கிய ஆலையில் பொருத்திய வண்டி. அந்த ஆலை 1954இலேயே மூடப்பட்டது. உதிரிபாகம் தேடுவதே ஒரு தவம்!

பெயின்ட் சுரண்டுமுன் காந்தம் வைத்துப் பார்த்தோம். தகரமென்றால் கவ்வும், பட்டி தடிப்பாயிருந்தால் வழுக்கும். இடது மட்கார்டில் வழுக்கியது. தட்டினால், உள்ளே துரு. தம்பி முகம் வாடியது. பதினாறு வயதில் திருட்டுத்தனமாக ஓட்டி மதகில் மோதி, பட்டி பூசி மறைத்தானாம். புதுப் பூச்சைக் கண்ட அப்பா, கிளீனர் பையனைச் சந்தேகித்து வேலையை விட்டு நிறுத்தினார். தம்பி வாய் திறக்கவில்லை.

துருவின்மேல் மறுபடி பட்டி பூசினால் ஈரம் தங்கி இன்னும் அரிக்கும். வெட்டியெடுத்து, புதுத் தகடு பற்றவைத்து, ரெட் ஆக்சைடு அடித்த பிறகே பட்டி.

ஒப்புரவு அருட்சாதனத்தில் "கொஞ்சம் கோபம், சாமி" என்று நாம் பூசுவதும் பட்டிதானே? சக்கேயு அப்படிப் பூசவில்லை. நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

அந்தக் கிளீனர் இப்போது விருத்தாசலத்தில் இருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நாங்கள் இருவரும் அங்கே போகிறோம்.