முற்றத்து அடுப்பும் முழுக் கோழியும்

பண்டிகை வந்துவிட்டால் எண்ணெய்த் தாச்சி அடுப்பில் ஏறவேண்டும் என்பது நம் தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத விதி. தீபாவளிக்கு முறுக்கும் வடையும், சித்திரைப் புத்தாண்டுக்குப் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும், பனம்பழக் காலத்திலே பனங்காய்ப் பணியாரமும் என்று ஆண்டு முழுவதும் இந்த விதி நடந்துகொண்டே இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியார்க் குடாவை அடுத்த மூதூர்ப் பகுதியில் உள்ள கட்டைபறிச்சான் போன்ற ஊர்களிலே, உறவினர் பலர் கூடும் நாட்களில் இவ்வேலை சமையலறைக்குள் அடங்குவதில்லை. முற்றத்திலே மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, பெரிய தாச்சியை ஏற்றிவிடுவார்கள். பெரியவர்கள் அடுப்பைச் சுற்றியிருக்க, பிள்ளைகள் அவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பார்கள்.

விடுமுறைக்குக் கடல் கடந்து ஊர் திரும்பும் உறவினரோடு அந்நாடுகளின் வழக்கங்களும் வந்து சேர்வது இயல்பு. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். முழு வான்கோழி ஒன்றை, வெட்டாமல், முற்றத்திலே வைத்த கிடாரம் நிறைந்த எண்ணெயில் அமிழ்த்திப் பொரித்தெடுக்கும் வழக்கம் அது.

வான்கோழி அமெரிக்கக் கண்டத்துக்குரிய பறவை. மெக்சிக்கோ நாட்டு மக்கள் அதை வீட்டுப் பறவையாகப் பழக்கினர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். காலப்போக்கில் அது ஆங்கிலேயரின் நத்தார் விருந்திலும், அமெரிக்கர் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை கொண்டாடும் நன்றி நவிலும் நாள் விருந்திலும் தலைமை இடம் பெற்றது. சூளையடுப்பிலே அதை வாட்டியெடுப்பதே பழைய முறை. அதற்குப் பல மணி நேரம் செல்லும். லூசியானா முதலான தென் மாநிலத்தவரோ எண்ணெயில் முழுதாக அமிழ்த்திப் பொரிக்கலாயினர். ஐந்து கிலோ எடையுள்ள பறவை இம்முறையில் ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளிறைச்சி ஈரம் வற்றாமலும் இருக்கும். ஆகவே இவ்வழக்கம் அந்நாடு முழுவதும் பரவியதில் வியப்பில்லை. ஆயினும், அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம், எண்ணெய்க் கிடாரத்தில் வான்கோழி பொரிக்கும் கருவிகளை வீட்டார் பயன்படுத்தவே வேண்டாம் என்று தொடர்ந்து கூறி வருகிறது. அந்த எச்சரிக்கையின் காரணத்தை அறிந்துகொண்டால், நமது முறுக்குத் தாச்சிக்கும் அது உதவும்.

நேயர்களே, பலகாரத்தைப் போட்டவுடன் எண்ணெய் கொதிக்கிறது என்று சொல்கிறோம். உண்மையிலே அங்கு கொதிப்பது பலகாரத்தில் உள்ள நீர். நீர் 100 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். பொரிக்கும் எண்ணெயோ ஏறக்குறைய 175 பாகையில் இருக்கிறது. ஆகவே எண்ணெயைத் தொட்ட நீர் அந்தக் கணமே ஆவியாகிக் குமிழியிட்டு வெளியேறுகிறது. நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். ஒரு தேக்கரண்டி நீர், எட்டு லீற்றர் அளவுக்கு ஆவியாக விரிவடைகிறது என்றால் அதன் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். முறுக்கின் ஈரம் சிறிது. அது மெல்ல மெல்ல வெளியேறுவதால் தாச்சி அதைத் தாங்கிக்கொள்கிறது. ஈரம் குறையக் குறையக் குமிழியும் அடங்குகிறது. குமிழி அடங்கியதைக் கண்டு பலகாரம் வெந்துவிட்டது என்று நம் தாய்மார் எடுப்பதும் இதனாலேதான்.

இனி, முழுப் பறவை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் வயிற்றுக் குழியிலே கழுவிய நீர் தேங்கியிருக்கலாம். உறையவைத்த பறவையாயின் உள்ளே பனிக்கட்டியே இருக்கலாம். நீர் எண்ணெயைவிடக் கனமானது. எனவே அது அடிக்குச் சென்று, அங்கே ஒரே மூச்சில் ஆவியாகி, மேலுள்ள எண்ணெய் முழுவதையும் தூக்கி எறியும். பொங்கி வழியும் எண்ணெய் அடுப்புத் தீயில் விழுந்தால், ஆளுயரத்துக்கு மேலாகச் சுவாலை எழும்பும். இது சில நொடிகளுக்குள் நடந்து முடிந்துவிடுவதால், அருகில் நிற்பவருக்கு விலகி ஓடவும் அவகாசம் இராது.

ஆகவே இம்முறையைக் கையாள்பவர் கடைப்பிடிக்கும் ஒழுங்குகள் கடுமையானவை. உறைந்த பறவையைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, இரண்டு கிலோ எடைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இளக வைத்தல் வேண்டும். ஐந்து கிலோப் பறவைக்கு மூன்று நாள் செல்லும். பின்னர் உள்ளும் புறமும் துணியால் ஒற்றி ஈரமறத் துடைத்தல் வேண்டும். தயிரும் புளியும் ஊற்றி ஊறவைப்பது இதற்கு ஒவ்வாது. உப்பு, மிளகு, மஞ்சள், மிளகாய்த்தூள் ஆகியவற்றை உலர்ந்தபடியே பூசுவதே தக்கது.

அடுத்தது எண்ணெயின் அளவு. பொருளொன்று திரவத்துள் மூழ்கினால் தன் பருமனளவு திரவத்தை இடம்பெயர்க்கும் என்பது கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. இதை மறந்து கிடாரம் நிறைய எண்ணெய் வார்ப்பவர்கள், பறவையை இறக்கியவுடன் எண்ணெய் வழிந்து தீயில் விழக் காண்பார்கள். அடுப்பு மூட்டுவதற்கு முன்பே கிடாரத்தில் பறவையை வைத்து, அது மூழ்குமளவு நீர் வார்த்து, பறவையை வெளியே எடுத்தபின் நிற்கும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் அந்த மட்டத்தைத் தாண்டலாகாது. அதற்கு மேலே கிடாரத்தின் வாய் வரை ஒரு சாண் வெற்றிடமாவது இருத்தல் நலம். அளந்தபின் கிடாரத்தையும் பறவையையும் மீண்டும் நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தீயின் கட்டுப்பாடு. பறவையை இறக்கும் வேளையில் அடுப்பை முற்றாக அணைத்துவிட்டு, நீண்ட கொக்கியில் மாட்டி, ஓரிரு நிமிடம் எடுத்து மெல்ல மெல்லத் தாழ்த்தி, குமிழி அடங்கியபின் மீண்டும் மூட்டுவதே பாதுகாப்பான வழி. எரிவாயு அடுப்பாயின் ஒரு திருகில் அணைத்துவிடலாம். நமது கல்லடுப்பிலே அது இயலுமா? கொள்ளிகளை இழுத்துப் போட்டாலும் தணல் அடியிலே கனன்றுகொண்டுதான் இருக்கும். விறகடுப்பில் முழுப் பறவையைப் பொரிக்கலாகாது என்று நான் உறுதியாகக் கூறுவது இதனாலேயே.

எண்ணெயின் சூட்டையும் கவனிக்க வேண்டும். சுத்திகரிக்காத தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 175 பாகையிலேயே புகையத் தொடங்கும். சுத்திகரித்த கடலையெண்ணெய் 230 பாகை அளவு வரை தாங்கும். அமெரிக்கர் கடலையெண்ணெயை விரும்புவதற்கு இது ஒரு காரணம். எந்த எண்ணெயாயினும், புகையெழுந்த பின்னும் சூடேற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தானே தீப்பற்றிக்கொள்ளும். புகை கண்டவுடன் தீயை நீக்குங்கள். வெப்பமானி ஒன்று கையிலிருந்தால் இரு வகையிலும் பயன் உண்டு. எண்ணெயின் சூட்டை அறியலாம். இறைச்சியின் தடித்த பகுதி 74 பாகையை எட்டி முற்றாக வெந்துவிட்டதா என்பதையும் அறியலாம்.

இனி நம் ஊரின் இயல்பையும் நினைக்க வேண்டும். நத்தாரும் பொங்கலும் வருகின்ற காலம் கிழக்கிலே வாடைக்காற்றின் காலம். மழை எந்த நேரமும் எட்டிப் பார்க்கும். திறந்த கிடாரத்தில் மழைத்துளி விழுந்தால் விளைவு என்னவென்று மேலே சொன்னேன். மழைக்கு அஞ்சி ஓலைக் கொட்டிலுக்குள் கிடாரத்தைக் கொண்டுபோவது அதனிலும் கொடிய அபாயம். சித்திரைக்குப் பின் கச்சான் காற்று வீசும் நாட்களிலோ, கிடுகு வேலி காய்ந்து சருகாய் இருக்கும். ஒரு பொறி போதும், அயல் வளவுகளுக்கும் தீ தாவிவிடும். ஆகவே வீட்டுக்கும் வேலிக்கும் எட்ட, சமதரையான மணலிலே அடுப்பை அமைத்து, அதைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளும் நாய்களும் அதைத் தாண்டாதபடி பொறுப்பான ஒருவரைக் காவல் வையுங்கள்.

எண்ணெயில் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. சிறிய தாச்சியாயின், எட்டக்கூடிய நிலையில் உலோக மூடியால் மூடி அடுப்பை அணைத்துவிடலாம். தரையில் சிந்தி எரியும் எண்ணெயின்மேல் உலர்ந்த மணலைக் கொட்டலாம். பெரிய கிடாரம் சுவாலைவிட்டு எரியுமாயின் அதனோடு போராடாமல் அனைவரையும் விலக்கிக்கொண்டு அகன்றுவிடுங்கள். எரியும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது உயிருக்கே கேடு.

ஒருவர்மேல் எண்ணெய் பட்டுவிட்டால், மோதிரம், காப்பு முதலியவற்றை உடனே கழற்றி, சுட்ட இடத்தில் குளிர்ந்த குழாய் நீர் அல்லது கிணற்று நீர் இருபது நிமிடம் ஓடும்படி செய்யுங்கள். பற்பசை, வெண்ணெய், மை எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி, வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும்.

இவ்வளவும் கேட்டபின், இத்தனை ஏற்பாட்டோடு முழுப் பறவையைப் பொரிக்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. அதே பறவையைத் துண்டுகளாக்கி, உலரத் துடைத்து, மசாலை பூசி, பாதியளவு எண்ணெயுள்ள தாச்சியிலே சிறிது சிறிதாகப் பொரித்தால் சுவையில் குறைவில்லை. ஒவ்வொரு துண்டின் ஈரமும் தாச்சி தாங்கும் அளவினதே. முழுதாகப் பொரிப்பதில் மேலதிகமாகக் கிடைப்பது காட்சி ஒன்றுதான். அந்தக் காட்சிக்காக ஒரு பிள்ளையின் முகத்தையோ ஒரு வீட்டின் கூரையையோ பணயம் வைக்கலாகாது என்பதே என் கருத்து.

அடுத்த பண்டிகைக்கு உங்கள் முற்றத்திலே முறுக்குப் பொரித்தாலும், கோழி பொரித்தாலும், எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் உள்ள இந்தப் பகையை நினைவிற் கொள்ளுங்கள். வந்த உறவினர் அனைவரும் வந்தபடியே நலமாக வீடு திரும்பினால், அதுவே பண்டிகையின் நிறைவு.