மோட்டார் சைக்கிள் பிரேக்: வீட்டிலேயே பேணும் முறை

(மலாக்கா மாநிலத் தோட்டப்புற மக்களிடையே நிகழ்த்திய உரை)



ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் முன்பு பொழுது விடியுமுன் பெரட்டு மணி கேட்டது. இன்று கேட்பது மோட்டார் சைக்கிளின் ஓசை. 1958ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப், நம் நாட்டில் 'கப்சாய்' என்னும் செல்லப் பெயரைத் தன் இனத்துக்கே பெற்றுத் தந்தது. 1996இல் கெடாவில் உருவான மோடனாஸ் கிரிஸ் வண்டியும் இக்குடும்பத்தில் சேர்ந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் சென்றபோதும் இவ்வண்டி நம்மைப் பிரியவில்லை. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதற்கும் வேலைக்குச் செல்வதற்கும் அதுவே துணை.

நம் நாட்டில் தலைக்கவசம் 1973 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தலைக்கவசம் விழுந்த பின் காப்பது; பிரேக்கோ விழாமலேயே காப்பது. ஆயினும் முன்னதை நாம் நினைக்கும் அளவுக்குப் பின்னதை நினைப்பதில்லை.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒரு நாள் மாணவன் ஒருவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செம்மண் சடக்கில் இறங்கினோம். பிரேக் மிதி அடிவரை சென்றது, வண்டியோ நிற்கவில்லை. ஓரத்துப் புல்மேட்டில் சாய்ந்ததால் இருவரும் சிராய்ப்போடு தப்பினோம். குறை எவருடையது? நம்முடையதே. பிரேக் தளரும்போதெல்லாம் பின்னால் உள்ள நட்டை முறுக்கிவிட்டு, 'சரியாகிவிட்டது' என்று பல வாரங்கள் ஓட்டி வந்தோம். உள்ளே பிரேக் சூ தேய்ந்து தகடாகியிருந்தது. நட்டை முறுக்குவது பழுது பார்ப்பதாகாது என்பதை அன்று கற்றோம்.

ஒரு சிறு கணக்கைக் காண்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கவே அந்த ஒரு விநாடி கழிகிறது. நல்ல பிரேக்கும் உலர்ந்த தார்ச் சடக்கும் இருந்தாலும் நிற்பதற்கு மேலும் 23 மீட்டர் அளவு வேண்டும். ஆக, 40 மீட்டர். 30 கிலோமீட்டர் வேகமாயின் 14 மீட்டர் போதும். பிரேக் கெட்டிருந்தால் இந்தத் தூரம் எவ்வளவு நீளும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை செய்யத்தக்கவை இவை. பல கப்சாய் வண்டிகளில், பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் மிதி 2 முதல் 3 சென்டிமீட்டரும், முன் கைப்பிடியின் நுனி 1 முதல் 2 சென்டிமீட்டரும் அசையலாம். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் காண்க. பிரேக்கை அழுத்திப் பிடித்து, டிரம்மின் வெளிப்புறக் கையிலுள்ள அம்புக்குறியைப் பாருங்கள். அது தட்டிலுள்ள அடையாளத்தைத் தொட்டுவிட்டால் சூவை மாற்றும் காலம் வந்துவிட்டது. முன் பிரேக் கம்பியின் இழைகள் பிரிந்திருந்தால் அன்றே புதுக்கம்பி போடுங்கள். பின் விளக்கு எரிகின்றதா என்றும் நோக்குங்கள்.

சக்கரத்தைக் கழற்றும் பழக்கமுள்ளவர், வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்தி டிரம்மைத் திறக்கலாம். உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சூவின் உராய்வுப் பகுதி 2 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தடிப்பு இருந்தும் மேற்பரப்பு பளபளத்தால் உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். எண்ணெய் ஊறிய சூ பயன்படாது. சூவை விரிக்கும் அச்சுக்கு மிகச் சிறிதளவே கிரீஸ் தடவுங்கள். ஒரு துளியும் சூவில் படலாகாது. மீண்டும் பூட்டும்போது நட்டுகளையும் பாதுகாப்பு ஊசிகளையும் மறவாதீர். முதல் சோதனை லயத்து வாசலில், நடக்கும் வேகத்தில் நடக்கட்டும்; சடக்கில் வேண்டாம்.

டிஸ்க் பிரேக் உள்ளவர்கள், பிரேக் எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்காமலும், பேடு அதன் தேய்மான வரையைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் சூட்டில் எளிதில் கொதித்து, பிரேக்கை வலுவிழக்கச் செய்யும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுதல் நன்று. மூடியில் குறித்த வகையையே ஊற்றுங்கள். கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம். அப்பணியைக் கற்றிராதவர் பட்டறைக்கே செல்லுதல் அறிவுடைமை.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா என இளைஞர்கள் வினவுகின்றனர். டிஸ்க்கை மட்டும் வாங்கினால் போதாது. முன் போர்க், சக்கர நடுப்பகுதி, பிடிப்பான், குழாய் யாவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். திறமையான பட்டறையில், சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளைக் கேட்டறிந்த பின்னரே அதில் இறங்குங்கள். அதற்கு முன், தரமான சூ, புதிய கம்பி, தேயாத டயர் ஆகியவற்றைப் போட்டுப் பாருங்கள். குறைந்த செலவில் பெரும்பயன் கிட்டும்.

முன் பிரேக்கைத் தொடவே அஞ்சுவோர் பலர். நிற்கும்போது பாரம் முன் சக்கரத்தின்மேல் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அதற்கே உண்டு. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். ஈரச் செம்மண்ணில் வெடுக்கென இழுக்காதீர்கள். தண்ணீரைக் கடந்தால், மெல்லச் சென்று பிரேக்கை இலேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்துங்கள்.

தாய்மார்களே, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வண்டியின் பிரேக்கைப் பார்க்கும்படி கணவரிடமும் மகனிடமும் கூறுங்கள். நீங்களே ஓட்டுபவராயின் நீங்களே பாருங்கள். செலவாவது அரைமணி நேரம். அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளி செல்வது நம் குழந்தையல்லவா?